போயிட்டு வாரேன் என்ற நாற்பது பேர்

வெந்நீரில் குளிக்கிற ஆம்பளையைக் கண்டாலே எனக்கு ஆகாது. என் பெயரே குற்றாலிங்கம். தென்காசியில் பிறந்து, ஐந்தருவியில் தலையைக் கொடுத்து வளர்ந்த உடம்பு இது. அப்படிப்பட்ட நான், அறுபத்து நாலு வயசில், திபெத்தில், பதினைந்தாயிரம் அடி உயரத்தில், ஒரு வெந்நீர்க் குளத்தின் வாசலில் தோளில் துண்டோடு நின்றேன் என்றால், அதற்கு என் வலது முழங்கால்தான் காரணம்.

போன வருஷம் புரட்டாசியில் என் மச்சினன் பிரமநாயகம் சொந்தபந்தத்தில் நாற்பது பேரைத் திரட்டிக்கொண்டு இதே இடத்துக்கு வந்தான். என் பெண்டாட்டி ஆவுடையம்மாளும் போனாள். என்னையும் வரச்சொல்லி ஒரு வாரம் கெஞ்சினாள். "வெந்நீருல குளிக்க எதுக்குட்டி திபெத்துக்குப் போவணும்? பாத்ரூம்ல ஹீட்டரைப் போட்டா வருது" என்று நாலு பேர் முன்னால் சொல்லி, நானே சிரித்தும் வைத்தேன். அவள் சிரிக்கவில்லை. போய்விட்டுத் திரும்பி வந்தவள், நான் பார்க்கும்படி மாடிப்படியில் நாலு தடவை விறுவிறுவென்று ஏறி இறங்கிக் காட்டினாள். அதுவரைக்கும் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறியவள்.

அதற்குப் பிறகு என் முழங்கால் மோசமாகிக்கொண்டே போயிற்று. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஆனால் ஊர் கேட்கச் சொன்ன வார்த்தையை எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு திரும்ப விழுங்குவது? ஆகவே காசிக்குப் போகிறேன் என்று ஆவுடையிடம் சொல்லிவிட்டு, லாசாவுக்கு விமானம் ஏறி, அங்கிருந்து மூன்று நாள் வண்டியில் குலுங்கி வந்து சேர்ந்தேன். காசிக் கயிறும் கங்கைச் செம்பும் கிளம்புவதற்கு முன்பே ஆன்லைனில் வரவழைத்துப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். திருட்டுத்தனம் செய்தாலும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது என் கொள்கை.

அந்த இடத்தின் பெயர் நியிமா சூசென். சூசென் என்றால் அவர்கள் பாஷையில் சுடுதண்ணீராம். நாலு பக்கமும் மொட்டை மலை, நடுவில் கல்லால் கட்டிய குளம், அதிலிருந்து ஆவி மேலே போய்க்கொண்டிருந்தது. குளத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. ஆகா, நமக்காகவே வைத்திருக்கிறான் என்று செருப்பைக் கழற்றினேன்.

"இடம் இல்லை" என்றது ஒரு குரல்.

வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு கல்தூண். அதில் பதித்த கருவிதான் பேசியது.

"என்னது இடமில்லையா? குளம் காலியாத்தான கெடக்கு!"

"குளம் காலியாக உள்ளது. இடம் காலியாக இல்லை."

இந்தக் காலத்தில் காதில் மாட்டுகிற மொழிபெயர்ப்புப் பொத்தான் இல்லாமல் யாரும் வெளியூர் போவதில்லை. உலகத்து பாஷையை எல்லாம் அது தமிழில் சொல்லும். என்ன ஒன்று, பள்ளிக்கூடப் புத்தகத்தை வாசிக்கிற மாதிரி சொல்லும். தூணுக்குப் பக்கத்து அறையிலிருந்து கனத்த கம்பளி உடையில் ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயசிருக்கும். குளத்தைக் கவனித்துக்கொள்கிறவள், பெயர் யாங்கி.

"மன்னியுங்கள் ஐயா. இதன் பெயர் தென்பா. எங்கள் மொழியில் உண்மை என்று பொருள். இது இடமில்லை என்றால் நானும் ஒன்றும் செய்ய இயலாது" என்று அவள் பேசியது என் காதில் விழுந்தது.

"நீங்க சொன்னா கேக்காதா?"

"யார் சொன்னாலும் கேட்காது. அப்படித்தான் நாங்களே கேட்டு வாங்கினோம். முன்பெல்லாம் பட்டணத்துப் பெரிய மனிதர்கள் வந்து வாரக்கணக்கில் குளத்தைப் பிடித்துக்கொள்வார்கள். மேய்ச்சலுக்குப் போய்த் திரும்பும் எங்கள் மக்களுக்கு இடம் இருக்காது. அதனால் ஒரே ஒரு சட்டம் வைத்தோம். திரும்பி வருகிறேன் என்று இந்த வாசலில் சொல்லிவிட்டுப் போனவருக்கு, அவர் வரும்வரை இடம் காக்கப்படும். எங்கள் ஆட்கள் நாள் சொல்லுவார்கள், அந்த நாளில் வருவார்கள். வரமாட்டாதவர் வருகிறேன் என்று சொல்லவே மாட்டார்."

"நல்ல சட்டந்தானே. அப்புறம் என்ன?"

யாங்கி பெருமூச்சு விட்டாள். "சென்ற ஆண்டு ஒரு கூட்டம் வந்தது. ஆறு நாள் குளித்தார்கள். மிகவும் அன்பானவர்கள், எனக்கு முறுக்கு என்று ஒன்று கொடுத்தார்கள். புறப்படும்போது 'செல்கிறீர்களா?' என்று தென்பா கேட்டது. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் 'சென்றுவிட்டு வருகிறேன்' என்றார்கள். நாள் சொல்லவில்லை. நாள் சொல்லாதவர் எந்த நாளும் வரலாம் அல்லவா? ஆகவே எல்லா நாளும் இடம் வைத்திருக்க வேண்டும். அவர்கள் போன மறுவாரம் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு ஊற்று குறைந்து, நாளுக்கு இருவர்தான் குளிக்கலாம். இடம் காக்கப்பட வேண்டியவர்களோ நாற்பத்தொருவர். பதினொரு மாதமாக இந்தக் குளத்தில் ஒருவரும் இறங்கவில்லை."

நான் கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டேன். "அந்தக் கூட்டம் எந்த ஊருன்னு..."

அவள் பெயர்ப் பட்டியல் இருந்த கைப்பலகையைப் பார்த்து எழுத்துக்கூட்டினாள். "பி-லா-மா-நா-யா-காம்."

அடப் பாவி மக்கா!

'போயிட்டு வாரேன்.' எழவு, அது விடைபெறுகிற வார்த்தை! சாவு விழுந்த துஷ்டி வீட்டைத் தவிர வேறு எங்கிருந்து கிளம்பினாலும் 'போறேன்' என்று ஒரு தமிழன் வாயில் வருமா? பல் டாக்டரிடம்கூட அப்படித்தான் சொல்லிவிட்டு வருகிறோம். ஜெயிலிலிருந்து விடுதலையாகிறவன்கூட வார்டனிடம் அப்படித்தான் சொல்லியிருப்பான். நான் இதையெல்லாம் யாங்கிக்கு விளக்கினேன். அவள் கண்ணை அகல விரித்துக் கேட்டாள்.

"அப்படியானால் வரும் எண்ணமே இல்லாமல் வருகிறேன் என்று சொல்வீர்களா?"

"எண்ணம் இருக்கும்... இருக்காது... அது ஒரு இதுக்குச் சொல்றதும்மா."

"எதற்கு?"

நான் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினேன்.

அப்போதுதான் தூணுக்குப் பின்னால் யாரோ செருமினார்கள். அங்கே ஒரு கிழவர், கம்பளியைச் சுற்றிக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் காய்ந்த எலுமிச்சங்காய். பக்கத்தில் ஒரு குதிரை.

"என் தந்தை பல்தென்" என்றாள் யாங்கி. "ஆண்டுதோறும் கோடையில் நான்கு நாள் இந்த நீரில் இருந்தால் இடுப்பு இளகும், குதிரை ஏறுவார். இவ்வாண்டு வைகாசியிலிருந்து இந்த வாசலில் காத்திருக்கிறார். இன்னும் ஐந்து நாளில் எங்கள் கூட்டம் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு குளிர்கால மேய்ச்சலுக்குப் போகிறது. குதிரை ஏற முடியாதவரை அழைத்துப் போக முடியாது. பட்டணத்தில் ஒரு முதியோர் விடுதி இருக்கிறது. அங்கே விட வேண்டும்."

கடைசி வரியை அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். ஆனால் கிழவருக்குக் கேட்டுவிட்டது. அவர் என் பக்கம் திரும்பி ஏதோ சீறினார். பொத்தான் கடமை தவறாமல் மொழிபெயர்த்தது: "வருகிறேன் எனச் சொல்லி வராத குலத்தைச் சேர்ந்த மூடரே! உம் முழங்கால் துருப்பிடித்த கதவைப் போல ஒலிக்கிறது. அதுவே உமக்குத் தகும்."

திருப்பிக் கொடுக்க நாக்கு துடித்தது. ஆனால் அவர் சொன்னதில் என்ன தப்பு? என் சொந்தக்காரர்கள் மரியாதைக்குச் சொன்ன ஒரு வார்த்தையில் ஒரு மனுஷன் முதியோர் விடுதிக்குப் போகப் போகிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"தென்பா! அவுங்க நாற்பது பேரும் வரலைன்னு சொல்லிட்டா?"

"அவரவர் தம் குரலில் சொல்ல வேண்டும். தொலைபேசியில் சொன்னாலும் ஏற்பேன். இருவர் மீதம் இருக்கும்வரை குளம் நிறைந்ததாகவே கொள்வேன்."

"சரி, கொண்டாம்மா அந்தப் பலகையை. ஆமா, போனது நாற்பது பேர்தான? நாற்பத்தொண்ணுங்கிறியே?"

யாங்கி பட்டியலின் கடைசியைப் பார்த்தாள். "ஔகா என்று ஒருவர்."

ஔகா! பேரைக் கேட்டாலே ஜப்பான்காரன் மாதிரி இருந்தது. பிரமநாயகம் போகிற வழியில் எவனையாவது பேச்சுக்கொடுத்துக் கூட்டத்தில் சேர்த்திருப்பான், அவனுக்கு அந்தப் பழக்கம் உண்டு. சேர்ந்ததும் சேர்ந்தான், நம் ஆட்களைப் பார்த்து ஜப்பான்காரனும் 'போயிட்டு வாரேன்' சொல்லியிருக்கிறான்!

பட்டியலில் ஆவுடையின் பெயரும் இருந்தது. அவளைக் கூப்பிட்டால் காசி கந்தலாகிவிடும். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தேன்.

முதலில் பிரமநாயகம். ஸ்பீக்கரில் போட்டுத் தூண் பக்கத்தில் வைத்தேன்.

"அத்தான்! காசியில தரிசனமெல்லாம் ஆச்சா?"

"ஆச்சு ஆச்சு. மாப்ள, ஒரு காரியம். 'திபெத்து வெந்நீர்க் குளத்துக்கு நான் வரமாட்டேன்'னு வாயத் தொறந்து ஒரு தடவ சொல்லு."

"எதுக்கு?"

சொன்னேன். அவன் காசியை மறந்துவிட்டு வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டான். "தண்ணிகிட்டப் போயி வரமாட்டேன்னு சொல்லவா? நல்லாருக்கே அத்தான் நீங்க சொல்றது! அடுத்த மாசம் மக கல்யாணத்த வச்சிக்கிட்டு வாயில இந்த வார்த்தை வரலாமா?"

"அது நம்ம ஊர்த் தண்ணியில்லலே!"

"எந்த ஊர்த் தண்ணியானா என்ன, தண்ணி தண்ணிதான்."

"சரி, அந்த ஔகாங்கிறவன் நம்பராவது குடு."

"ஔகாவா? அப்படி யாரும் வரலியே."

அடுத்து செண்பகவல்லி மதினி. "அவங்கவங்க பிள்ளைகுட்டியோட நல்லா இருக்கட்டும்னு நெனக்கிற நேரத்துல என்னைய வரமாட்டேன்னு சொல்லச் சொல்லுதீகளே, ஒங்களுக்குக் கோட்டி கீட்டி புடிச்சிருக்கா?" என்று போனை வைத்துவிட்டாள்.

மூன்றாவது, ஆழ்வாரப்பன் வாத்தியார். தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். படித்த மனுஷர், புரிந்துகொள்வார் என்று நம்பினேன். அவர் தென்பாவுக்கே பாடம் எடுத்தார்.

"இதப் பாரப்பா இயந்திரம். தகுதி வழக்குன்னு மூணு உண்டு. அதுல ஒண்ணு மங்கலம். செத்தாரைத் துஞ்சினார்ங்கிறோம், விளக்க அணைக்காம மலையேத்துறோம். அதே மாதிரி போறேங்கிறத போயிட்டு வாரேங்கிறோம். விளங்குச்சா?"

"விளங்கியது" என்றது தென்பா. "ஒரு ஐயம். போய் வருகிறேன் என்பவர் வரவில்லையானால், அது மங்கலமா, பொய்யா?"

வாத்தியார் ஏதோ புத்தகத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "நாப்பது வருஷ சர்வீஸ்ல இந்தக் கேள்விய ஒரு பயலும் கேட்டதில்ல" என்றார். கேள்வி நல்லாயிருக்கிறது, யோசித்துச் சொல்கிறேன் என்று லைனைத் துண்டித்தார்.

நாலாவது சொர்ணம். தங்கமான பிள்ளை. நிலைமையைச் சொன்னதும், "ஐயோ, அந்தப் பெரியவரா? பாவம் அண்ணாச்சி. இந்தா சொல்லுதேன். நான் வரல. வரமாட்டேன். போதுமா?" என்றாள்.

"பதிந்தேன். நாற்பது பேர் மீதம்" என்றது தென்பா.

எனக்குக் கண்ணில் தண்ணியே வந்துவிட்டது. கிழவரைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். "ரொம்ப நன்றிம்மா சொர்ணம்" என்றேன்.

"இதுல என்ன அண்ணாச்சி இருக்கு. சரி, அடுப்புல பால் கெடக்கு, வரட்டுமா? வாரேன், என்ன?"

"பதிந்தேன்" என்றது தென்பா. "நாற்பத்தொருவர்."

யாங்கி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கிழவர் காலிலிருந்த பூட்ஸைக் கழற்றி என்மேல் எறிந்தார். எறிந்த வேகத்தில் அவர் இடுப்பு பிடித்துக்கொண்டது. நானும் யாங்கியுமாக அவரைத் தூக்கி உட்காரவைத்தோம். தூக்கும்போது என் முழங்கால் கதவு போல் சத்தம் போட்டது. வலியிலும் கிழவர் சிரித்தார்.

சொர்ணத்தைத் திரும்பக் கூப்பிட்டு, மறுபடி சொல்லவைத்து, அவள் வாயில் 'வா' வருவதற்குள் டக்கென்று போனை வைத்தேன். இதிலிருக்கிற சங்கடம் உங்களுக்குப் புரிகிறதா? உதவி செய்தவளிடம் விடைபெறாமல் முகத்தில் அடித்த மாதிரி போனை வைக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்த நாலு பேரில் இருவர் மறுத்தார்கள். மற்ற இருவர் சொன்னதும் நான் பட்டென்று வைத்துவிட, 'இப்படி அவமானப்படுத்திட்டாரே' என்று சண்டைக்குத் திரும்பக் கூப்பிட்டு, திட்டி முடித்து, 'வாரேன்' சொல்லி மறுபடி பட்டியலில் ஏறினார்கள். சாயங்காலம் வரை தொண்டை கிழியப் பேசியும் சொர்ணம் ஒருத்திதான் கழிந்தாள்.

மறுநாள் காலையில் சனியனே என்று மறுபடி ஆரம்பித்தேன். பிரமநாயகத்தின் மாமியார் எடுத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "குளத்துக் காரியந்தான? எனக்கு நெறைஞ்சிருச்சுன்னு சொல்லுங்க."

"என்னது?"

"நெறைஞ்சிருச்சு. மனசு நெறைஞ்சிருச்சு." போனை அவளே வைத்துவிட்டாள், டக்கென்று, வாரேன் என்ற வார்த்தையே இல்லாமல்.

தென்பா கணக்கைத் திருத்தியது. "நிறைந்தது என்கிறார். நிறைந்தவருக்கு இடம் காக்க வேண்டியதில்லை. பதிந்தேன். முப்பத்தொன்பது."

நான் துள்ளிக் குதிக்காத குறை. பானையில் அரிசி இல்லை என்றால் எங்கள் பக்கத்துப் பெண்கள் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். 'அரிசி நெறைஞ்சிருக்கு' என்பார்கள். அந்த வார்த்தை! இல்லை என்றும் சொல்லாமல், பொய்யும் சொல்லாமல்! அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். "நெறைஞ்சிருச்சு அண்ணாச்சி." டக். அடுத்தது. "நெறைஞ்சிருச்சு மாமா." டக். செண்பகவல்லி மதினி, "நெறைஞ்சிருச்சு. ஆனா ஒங்களுக்குக் கோட்டிதான்." டக். வாத்தியார், "நிறைவுற்றது. இதுவும் மங்கலமே, பொய்யன்று." டக்.

முப்பது பேருக்கு மேல் ஆன பிறகுதான் எனக்கு உறைத்தது. இத்தனை பேருக்கும் எப்படி ஒரே வார்த்தை? ஒரே மாதிரி போனை வைக்கிற பழக்கம்? யாரோ எனக்கு முன்னால் வரிசையாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

கடைசியில் பட்டியலில் இரண்டே பேர் நின்றார்கள். ஆவுடையம்மாள், ஔகா. இருவர் இருந்தால் குளம் நிறைந்த கணக்கு. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, ஜப்பான்காரனை எங்கே தேடுவது, காசிக்கு என்ன சமாதானம் சொல்வது என்று முழித்துக்கொண்டிருந்தேன். போன் தானே அடித்தது.

"என்ன, காசியில கூட்டம் எப்படி?" என்றாள் ஆவுடை.

"பரவால்ல. சுமாரு."

"கங்கையில தண்ணி சூடா இருக்கா?"

இனி என்னத்தைப் பேச?

"நேத்து பத்தரைக்கே தம்பி போன் போட்டுட்டான். ராத்திரியே எல்லாருக்கும் என்ன சொல்லணும்னு சொல்லிக்குடுத்துட்டேன். நீங்க கெளம்பறதுக்கு முந்தியே தெரியும், பெட்டி அடியில செம்பப் பார்த்தேன். காசிக்குப் போறதுக்கு முந்தியே கங்கை வீட்டுக்கு வந்த அதிசயத்த ஊருல எங்கயாச்சும் கேட்டிருக்கோமா? ஒரு வார்த்த, கால் வலிக்குட்டின்னு எங்கிட்டச் சொன்னா கொறஞ்சா போயிருவீக? நானும் வந்திருப்பேம்லா?" அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. எனக்குச் சுருக்கென்று இருந்தது.

"தப்புத்தான்ட்டி. விடு. இப்ப நீயும் நெறைஞ்சிருச்சுன்னு சொல்லு. ஒருத்தர் கொறஞ்சா பெரியவர் எறங்கிருவாரு. அந்த ஔகா பயல் கெடக்கட்டும்."

"எந்த ஔகா?"

"யாரோ ஜப்பான்காரன். வாரேன்னு சொல்லிட்டு வராமக் கெடக்கான். பொறுப்பில்லாத பய."

"அந்தப் பிள்ளைய இன்னொரு தடவ வாசிக்கச் சொல்லுங்க. மெதுவா" என்றாள்.

யாங்கி பலகையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எழுத்து எழுத்தாகக் கூட்டினாள். "ஔ-கா. இல்லை... அ... வு... கா."

"குரல் பதிவு உள்ளது" என்றது தென்பா. கேட்காமலே போட்டும் விட்டது. பதினொரு மாதத்துக்கு முந்தைய காற்று இரைச்சல். நடுவில் என் பெண்டாட்டியின் குரல், குளத்திடம் பேசிக்கொண்டிருந்தது:

"போயிட்டு வாரேன், என்ன? சும்மா சொல்லல. அடுத்த தடவ அவுகளையும் கூட்டிட்டு வாரேன். அவுகளுக்குத்தான் கால் வலி. வாய் மட்டும் வலிக்காது."

அவுக! கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் என் பெயரைச் சொல்லி ஒருத்தரும் கேட்டதில்லை. பால்காரனிடம் அவுக, பேங்கில் அவுக, இந்தப் பரதேசத்துக் கருவியிடமும் அவுக. முப்பத்தொன்பது பேர் வாய்வார்த்தைக்குச் சொன்ன இடத்தில் இவள் ஒருத்தி நிஜமாகவே சொல்லியிருக்கிறாள், அதுவும் எனக்காக. பதினொரு மாதமாக எனக்கென்று ஒரு இடம் இங்கே காலியாக இருந்திருக்கிறது. நேற்றுக் காலையில் என் பெயரைச் சரியாகச் சொல்லியிருந்தால் முதல் நிமிஷத்திலேயே உள்ளே போயிருப்பேன்.

"நீ சொல்லுட்டி, நெறைஞ்சிருச்சுன்னு" என்றேன்.

"எனக்கு எங்க நெறைஞ்சிருக்கு? கூட்டிட்டு வாரேன்னு சொன்னேன், கூட்டிட்டு வரலியே. மொதல்ல நீங்க எறங்குங்க. பெறவு பார்ப்போம்."

நான் துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு தூணுக்கு முன்னால் போய் நின்றேன்.

"நாந்தான் அவுக."

"அவுக என்பது இயற்பெயரா?" என்றது தென்பா.

"இல்ல. வீட்டுப் பேரு."

"பதினொரு மாதம் காத்திருந்தேன். தாமதத்தின் காரணம்?"

"திமிரு."

பொத்தான் இதை அந்தப் பக்கம் எப்படி மொழிபெயர்த்ததோ தெரியாது. யாங்கி பரிதாபமாகப் பார்த்து, "கழுத்து வளையாத நோயா? இந்த நீர் அதற்கும் நல்லது" என்றாள்.

இறங்கினேன். கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள். மேலே பனிக்காற்று, கீழே சூடு. எலும்புக்குள் இருந்த ஆணியை யாரோ மெதுவாகப் பிடுங்கி எடுத்தார்கள். அம்மாடி என்று சத்தம் போட்டுவிட்டேன். ஐந்தருவி என்னை மன்னிக்கட்டும்.

கரையில் வைத்திருந்த போனில் ஆவுடை கேட்டாள். "என்ன, ஹீட்டர் தண்ணி மாதிரியா இருக்கு?"

"இல்ல."

"காத்துல சரியாக் கேக்கல."

"இல்லட்டி! நல்லா இருக்கு! நீ சொன்னது சரி, நான் சொன்னது தப்பு!" மலை அதை மூன்று தடவை திருப்பிச் சொன்னது.

"இப்ப நெறைஞ்சிருச்சு" என்றாள் ஆவுடை. டக்கென்று வைத்தும் விட்டாள்.

"பதிந்தேன். ஓர் இடம் காலி" என்று தென்பா சொல்லி வாய் மூடவில்லை, கிழவர் பல்தென் கம்பளியை வீசி எறிந்துவிட்டுத் தவழ்ந்து வந்து தண்ணீரில் விழுந்தார். என் முகமெல்லாம் தண்ணீர். கழுத்தளவு உட்கார்ந்து கண்ணை மூடியவர் கொஞ்ச நேரத்தில் அழுதார். நான் மலையைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். பிறகு, "உம் மனைவி அறிவாளி. உம்மை ஏன் மணந்தார்?" என்று பொத்தான் சொன்னது. சரி, ஆள் தேறிவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

நாலு நாள் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குளித்தோம், குளித்த நேரமெல்லாம் சண்டை போட்டோம். அஞ்சாம் நாள் காலையில் கூடாரங்களைப் பிரித்தார்கள். கிழவர் குதிரையின் அங்கவடியில் காலை வைத்தார், வழுக்கியது. மறுபடி வைத்தார், வழுக்கியது. யாங்கி மூச்சே விடவில்லை, நானும்தான். மூன்றாம் தடவை ஏறி உட்கார்ந்தார். குதிரை மேலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஆட்டுமந்தைக்குப் பின்னால் போனார்.

நான் கிளம்புகிற நேரம் வந்தது. இந்தத் தடவை தப்பு நடக்கக்கூடாது என்று யாங்கி முந்தின நாளே எனக்கு அவர்கள் வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். கிளம்புகிறவர், இருக்கிறவரைப் பார்த்து 'கலே ஷூ' என்பாராம், மெல்ல இருங்கள் என்று அர்த்தம். இருக்கிறவர் 'கலே பே' என்பாராம், மெல்லப் போங்கள். வாக்கும் இல்லை, அபசகுனமும் இல்லை. ராத்திரி முழுக்க அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

"செல்கிறீர்களா?" என்றது தென்பா.

நாக்கு நுனியில் 'போயிட்டு' வந்து நின்றது. விழுங்கினேன். "கலே ஷூ" என்றேன்.

"கலே பே" என்றது தென்பா. யாங்கி கை தட்டினாள்.

பத்து எட்டு எடுத்து வைத்தேன். முழங்கால் சத்தமே போடவில்லை. பதினோராவது எட்டில் நின்றேன். திரும்பி வந்தேன். யாங்கியின் முகத்தில் பீதி.

"அடுத்த வருஷம், ஆனி பத்தாம் தேதி" என்றேன் தூணைப் பார்த்து. "அன்னைக்கு ஒரு நாள் மட்டும். அவளையும் கூட்டிட்டு வாரேன். சும்மா சொல்லல."

"நாள் சொன்ன முதல் தமிழர் நீங்கள். பதிந்தேன். இரண்டு இடங்கள்" என்றது தென்பா.

யாங்கி பலகையைப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"ஔகா. ஔவா."